எலி செஞ்ச கத்திரிக்கா: ரட்டட்டூயி படத்துல எவ்ளோ நிஜம்?

"பொண்ணோட உக்காந்து ரட்டட்டூயி படம் பாத்தேன், எலி சமைக்குதுங்கறத விட்டா மத்த எல்லாமே நம்பற மாதிரி இருக்கு, அந்த கிச்சன், கடைசில வர்ற அந்த டிஷ், ஒரு வாய் வெச்சதும் அந்த விமர்சகர் அப்படியே உருகிப்போறது, இதுல எது நிஜம் எது கப்ஸா"ன்னு கேட்டிருக்கீங்க. நான் கேட்டரிங் படிச்சுட்டு 11 வருஷம் ஹோட்டல் கிச்சன்ல நின்னவன், இந்த படத்த குறைஞ்சது பத்து தடவையாவது பாத்திருப்பேன், அதனால பதில் கொஞ்சம் நீளமா போகும், டீ எடுத்துட்டு வந்து உக்காருங்க.

முதல்ல பேரு. 2007 ஜூன்ல பிக்ஸார்ங்கற அனிமேஷன் கம்பெனி இத ரிலீஸ் பண்ணப்ப அமெரிக்காவுலயே பாதி பேருக்கு வாயில நுழையாதுன்னு பயந்து போஸ்டர்லயே எப்படி சொல்லணும்னு பிரிச்சு போட்டாங்க, அதனால நீங்க ராட்டடோலின்னு படிச்சிருந்தா வெக்கப்பட ஒண்ணுமில்ல.

உங்க கேள்விக்கு சுருக்கமா சொல்லணும்னா அந்த படத்துல பெரிய பொய் ஒண்ணே ஒண்ணு தான், எலி சமைக்குது. அந்த ஒரு பொய்ய நம்ம முழுங்கணும்னா சுத்தி இருக்கறது எல்லாம் அச்சு அசலா இருக்கணும்னு டைரக்டர் பிராட் பேர்டும் அவர் டீமும் புரிஞ்சு வெச்சிருந்தாங்க. தயாரிப்பாளர் பிராட் லூயிஸ் நேரா கலிஃபோர்னியாவுல தாமஸ் கெல்லர்ங்கற செஃப்போட பிரெஞ்ச் லாண்ட்ரிங்கற ரெஸ்டாரன்ட் கிச்சன்ல போய் ட்ரெயினி மாதிரி நின்னு வேலை பாத்தார் (பேர பாத்து துணி வெளுக்கற கடையான்னு கேக்காதீங்க, அந்த கட்டடம் ஒரு காலத்துல நிஜமாவே லாண்ட்ரி தான்). அனிமேட்டர்ஸ குக்கிங் கிளாஸுக்கு அனுப்பினாங்க, ஒரு டீம் பாரிஸுக்கு ஒரு வாரம் போய் அஞ்சு பெரிய ரெஸ்டாரன்ட்ல சாப்ட்டு வந்துச்சு, என்ன வேலைடா சாமி. லிங்குவினி (ரெமிங்கற அந்த எலி தொப்பிக்குள்ள ஒளிஞ்சு சமைக்க வெக்கற கிச்சன் பையன்) ஆத்துல குதிச்சு நனைஞ்சு வர்ற ஒரு சீன் இருக்குல்ல, அதுல துணி உடம்புல எங்க ஒட்டுது எங்க ஒட்டலங்கறத பாக்கறதுக்கு ஆபீஸ்ல ஒருத்தருக்கு செஃப் கோட்டு மாட்டிவிட்டு நீச்சல் குளத்துல குதிக்க வெச்சாங்க. குப்பைத்தொட்டி சீனுக்கு ஆப்பிள், வாழைப்பழம், காளான், ப்ராக்கோலின்னு வாங்கி அழுக விட்டு படம் எடுத்து வெச்சாங்க.

சாப்பாடு ஏன் அப்படி எச்சில் ஊற வைக்குதுன்னா அதுக்கும் காரணம் இருக்கு. ஹோட்டல் வாசல்ல கண்ணாடி பெட்டில பிளாஸ்டிக் இட்லி வெச்சிருப்பாங்க பாத்திருக்கீங்களா, வடிவம் கலரு எல்லாம் கரெக்டா இருக்கும், ஆனா சாப்பிடத் தோணாது, ஏன்னா வெளிச்சம் மேல பட்டு அப்படியே திரும்பிடுது. நிஜ இட்லில வெளிச்சம் கொஞ்சம் உள்ள போய் சிதறி வெளிய வரும், திராட்சை, சீஸ், வெந்த வெங்காயம் எல்லாத்துலயும் அப்படித்தான். மனுஷத் தோலுக்கு கம்ப்யூட்டர்ல இத ஏற்கனவே பண்ணிட்டு இருந்தாங்க, இந்த படத்துல அதே வித்தைய காய்கறிக்கும் சாஸுக்கும் போட்டாங்க. கூடவே 200க்கும் மேல டிஷ்ஷ நிஜமா சமைச்சு பாத்துட்டு தான் வரைஞ்சாங்க.

இப்ப கிச்சனுக்கு வரேன், எனக்கு பிடிச்ச பகுதி. லிங்குவினிக்கு கொலெட்ங்கற சமையல்காரி முதல் நாள் பாடம் எடுக்கற சீன மறுபடி போட்டு பாருங்க. இடத்த சுத்தமா வெச்சுக்கோ, கைய உடம்போட ஒட்டி வெச்சுக்கோ, சட்டைக்கை அழுக்காகக்கூடாது, இதெல்லாம் ஏதோ அந்தம்மாவோட கோவம்னு தான் பாக்கறவங்க நினைப்பாங்க. கைய விரிச்சு வேலை பாக்கற ஆள் பக்கத்துல கொதிக்கிற பேன் எடுத்துட்டு ஒருத்தன் திரும்பினா என்ன ஆகும்? நான் கமியா, அதாவது கிச்சன்ல கடைநிலை சமையல்காரனா, சேந்த ரெண்டாவது வாரம், வேலை பாத்த ஹோட்டல் பேரு வேணாம், சால்ட் டப்பா எடுக்க ரேஞ்சுக்கு (பெரிய அடுப்புக்கு) குறுக்க கைய நீட்டினேன், பின்னாடி இருந்து ஸ்டாக் (சாஸுக்கு அடிப்படையா எலும்பு காய் போட்டு கொதிக்க வெக்கற தண்ணி) பாத்திரம் தூக்கிட்டு வந்தவர் கத்தினது என் காதுல விழல, எக்ஸாஸ்ட் சத்தம். இப்பவும் முழங்கைக்கு கீழ ரெண்டு இன்ச்சுக்கு தோல் வேற கலர்ல இருக்கும். அன்னிக்கு எங்க சூ செஃப் (தலைமை செஃப்புக்கு அடுத்த ஆள்) சொன்னது கொலெட் சொன்னதே தான், கூட நாலு கெட்ட வார்த்தை, அவ்ளோ தான் வித்தியாசம். அவர் அந்த படத்த பாத்ததே கிடையாது.

ரொட்டி நல்லா இருக்கான்னு சாப்பிடாமலே கண்டுபிடிக்க அதோட சத்தத்த கேளுன்னு கொலெட் அழுத்திக் காட்டுவா, மொறுமொறுன்னு ஒரு சத்தம் வரும், அதுவும் நிஜம், பேக்கரி செக்‌ஷன்ல இத தான் முதல்ல சொல்லித் தருவாங்க. இந்த சாஸுக்கு ஒருத்தர், மீனுக்கு ஒருத்தர், வறுவலுக்கு ஒருத்தர்னு ஆள் பிரிச்சு நிக்கறது இருக்கே, அது 1890கள்ல லண்டன் சவாய் ஹோட்டல்ல ஒகுஸ்த் எஸ்கோஃபியே ஒழுங்குபடுத்தி வெச்ச முறை, இன்னிக்கு சென்னைல எந்த ஸ்டார் ஹோட்டல் கிச்சனுக்குள்ள போனாலும் கமி, செஃப் டி பார்ட்டி (ஒரு பிரிவுக்கு பொறுப்பான செஃப்), சூ செஃப்னு அந்த பிரெஞ்சு பேரோட தான் நிப்போம், வீட்ல கேட்டா ஹோட்டல்ல சமையல் வேலைன்னு சொல்லிப்போம். படத்துல வர்ற செத்துப்போன பெரிய செஃப் பேரு ஒகுஸ்த் குஸ்தோ. இங்கிலீஷ்ல எழுதி பாருங்க, ஒகுஸ்த்தோட ஏழு எழுத்த கலைச்சு போட்டா குஸ்தோ வரும்.

கொலெட் அந்த கிச்சன்ல ஒரே பொண்ணு, அவ ஏன் அவ்ளோ கடுகடுன்னு இருக்கான்னு அவளே சொல்றா, இந்த தொழிலோட ஏணிய கிழவனுங்க கட்டினது, பொம்பளைங்க ஏற முடியாத மாதிரி கட்டினதுன்னு. இது சும்மா டயலாக்னு போயிடாதீங்க. அதே 2007ல தான் ஆன் சோஃபி பிக்ங்கறவங்களுக்கு மிஷ்லின்ங்கற ரெஸ்டாரன்ட் கைடோட மூணாவது ஸ்டார் கிடைச்சுது, பிரெஞ்சு பொண்ணுங்கள்ல ஒருத்தர் அந்த இடத்துக்கு வந்து 50 வருஷத்துக்கு மேல ஆகியிருந்துச்சு. அவங்க கதைய கேளுங்க, அப்பா ஜாக் பிக் பெரிய செஃப், 1992ல இறந்துட்டார், 1995ல ரெஸ்டாரன்ட்டுக்கு ஒரு ஸ்டார் போச்சு, முறையா சமையல் படிக்காத பொண்ணு உள்ள வந்து நின்னு திரும்ப வாங்கினாங்க. படத்தோட கதைய அப்படியே கேக்கற மாதிரி இல்ல? (மிஷ்லின்ல அதிகபட்சமே மூணு ஸ்டார் தான், படத்துல வர்ற அஞ்சு ஸ்டார் கணக்கு சினிமா.)

சோகமான பக்கமும் ஒண்ணு இருக்கு. விமர்சனத்துல ஒரு ஸ்டார் போனதுல மனசொடிஞ்சு குஸ்தோ செத்துட்டார்னு படம் ஆரம்பத்துலயே ஒரு நியூஸ் மாதிரி சொல்லிட்டு போயிடும். சமையல்காரங்க யாருக்கும் அந்த இடத்துல பெர்னார் லுவாசோ ஞாபகம் வராம இருக்காது. பிரான்ஸ்ல புர்கோனி பக்கம் சோலியூங்கற சின்ன ஊர்ல மூணு ஸ்டார் ரெஸ்டாரன்ட் வெச்சிருந்தவர், 2003 பிப்ரவரில தன் உயிர தானே மாய்ச்சுக்கிட்டார். அதுக்கு கொஞ்சம் முன்னாடி தான் கோ மியோங்கற இன்னொரு ரெஸ்டாரன்ட் கைடு அவரோட மார்க்க 20க்கு 19ல இருந்து 17ஆ குறைச்சிருந்துச்சு, மிஷ்லின் ஸ்டாரும் போகப்போகுதுன்னு பேப்பர்ல பேச்சு, ஆனா அந்த ஸ்டார் போகவே இல்ல. கடன், மன அழுத்தம்னு பல விஷயம் இருந்துச்சு, ரெண்டு மார்க்குக்காக மட்டும்னு சொன்னா அது அநியாயம். ஆனா குழந்தைங்க படம்னு எடுத்துட்டு அதுல இத வெச்சாங்க பாருங்க.

அப்புறம் அந்த வில்லன் ஸ்கின்னர், குஸ்தோ மூஞ்சிய அட்டைப்பெட்டில போட்டு மைக்ரோவேவ்ல வெச்சு சாப்பிடற சரக்கு விக்கறான்ல, அதுவும் எங்கயோ இருந்து பிடிச்சது இல்ல. லுவாசோவே தன் பேர்ல ரெடிமேட் சாப்பாடு வித்தவர், கம்பெனிய 1998ல பங்குச் சந்தைல இறக்கினவர். இதவிட வேடிக்கை, படத்தோட கடைசி டிஷ்ஷுக்கு மூல காரணமான மிஷெல் கெரார்ங்கற செஃப்பும் 1970கள்லயே நெஸ்லேவோட சேந்து ஃப்ரோசன் சாப்பாட்டுக்கு ஐடியா கொடுத்தவர். படம் ஃப்ரோசன் பெட்டிய திட்டுது, கைதட்டு வாங்கற டிஷ்ஷோட தாத்தா அந்த பெட்டிக்குள்ள இருந்து வர்றார்.

எலிக்கு வரேன். ஏன் எலி, ஏன் நாய் பூனை இல்லன்னு என் தம்பி பையன் கேட்டான். கிச்சனுக்கு ஜென்ம எதிரி எலி தான், அது ஒரு காரணம், எலி சமைக்குதுன்னு சொன்ன உடனே நமக்கு உடம்பு கூசணும். ஆனா இன்னொரு காரணம் எனக்கு ரொம்ப பிடிக்கும், சாப்பாட்ட எலி மாதிரி சந்தேகப்படற பிராணி கம்மி. எலிக்கு வாந்தி எடுக்க முடியாது, உடம்பு அமைப்பே அப்படி. தப்பா ஒண்ண முழுங்கிட்டா வெளிய தள்ள வழியில்ல, அதனால புதுசா எத பாத்தாலும் துளியூண்டு கடிச்சுட்டு விட்டுடும், உடம்புக்கு ஏதாவது பண்ணுச்சுன்னா அந்த ருசிய சாகற வரைக்கும் கூட தொடாது. 1950கள்ல ஜான் கார்சியாங்கற விஞ்ஞானி எலிக்கு இனிப்புத் தண்ணி கொடுத்துட்டு கதிர்வீச்சால குமட்டல் வர வெச்சார், அதுக்கப்புறம் அந்த எலிங்க இனிப்புத் தண்ணி பக்கமே போகல. கனடாவுல பென்னட் கேலஃப்னு ஒருத்தர் இன்னும் சுவாரசியமா ஒண்ணு காட்டினார், ஒரு எலி சாப்ட்டுட்டு வந்தா இன்னொரு எலி அதோட வாய மோந்து பாக்கும், அந்த மூச்சுல இருக்கற சாப்பாட்டத் தான் அப்புறம் தேடிப் போகும். ஹோட்டல்ல பக்கத்து டேபிள் பிளேட்ட பாத்துட்டு எனக்கும் அதேன்னு நம்ம சொல்றதில்லையா.

இத வெச்சுட்டு படத்த பாருங்க. ரெமிக்கு அவங்க அப்பா கொடுக்கற முதல் வேலை என்ன? வரிசைல வர்ற ஒவ்வொரு சாப்பாட்டையும் மோந்து பாத்து விஷம் இருக்கா இல்லையான்னு சொல்றது. ஒரு நல்ல சமையல்காரனுக்கு வேண்டிய மூக்கு தான் அது, அவங்க குடும்பத்துக்கு அது செக்யூரிட்டி வேலையா தெரியுது. எலிக்கு இருக்கற இந்த எச்சரிக்கைய ஏமாத்தத் தான் மனுஷன் மெதுவா வேலை செய்யற விஷத்த கண்டுபிடிச்சான், 1948ல வந்த வார்ஃபரின், சாப்ட்டு சில நாள் கழிச்சு தான் உள்ளுக்குள்ள ரத்தம் கசியும், எத சாப்ட்டதால இப்படி ஆச்சுன்னு எலிக்கு புரியவே புரியாது. நம்ம ஊர்ல இதய வால்வு ஆபரேஷன் பண்ணவங்களுக்கு ரத்தம் உறையாம இருக்க கொடுக்கறாங்களே, அந்த மாத்திரையும் அதே வார்ஃபரின் தான், அளவு தான் வேற.

அப்பா ஜாங்கோ மழைல ரெமிய கூட்டிட்டு போய் ஒரு கடை ஜன்னல காட்டுவார், வரிசையா செத்த எலிங்க பொறில தொங்கும். அது கற்பனை கடை இல்லைங்க. பாரிஸ்ல லே ஆல் பக்கத்துல ஒரூஸ்னு நிஜமா இருக்கு, 1872ல ஆரம்பிச்ச கடை, ஜன்னல்ல நிஜமாவே பாடம் பண்ணின எலிங்கள தொங்க விட்டிருப்பாங்க, அங்க மார்க்கெட் இருந்த காலத்துல பிடிச்ச எலிங்க. எலிங்க அசையற விதத்துக்காக ஸ்டூடியோ நடைபாதைல ஒரு வருஷத்துக்கு மேல எலி வளத்தாங்க, மூக்கு, மீசை, கை வெக்கற விதம் எல்லாம் அங்க இருந்து வந்தது. ரெமி மட்டும் ரெண்டு கால்ல நடக்கும், ஏன்டான்னு அண்ணன் எமீல் கேட்டா நடக்கற கையாலயே சாப்பிடணுமான்னு கேக்கும். எங்களுக்கு வேலைக்கு சேந்ததும் நடக்கற இண்டக்‌ஷன்ல முதல் மணி நேரமே கை கழுவறது எப்படிங்கறது தான், ரெமி நேரா பாஸ்.

இனி அந்த டிஷ். ரட்டட்டூயிங்கறது தெற்கு பிரான்ஸ்ல நீஸ் பக்கத்து ஏழை பாழை சாப்பாடு. கத்திரிக்கா, சுக்கினி (வெள்ளரிக்கா மாதிரி இருக்கற காய்), தக்காளி, குடமிளகாய், வெங்காயம், பூண்டு எல்லாத்தையும் பெருசு பெருசா நறுக்கி ஆலிவ் எண்ணெய்ல போட்டு குழைய விடறது. நம்ம கண்ணுக்கு அது ஒரு கூட்டு, தேங்கா பருப்பு இல்லாத கூட்டு. கத்திரிக்காயே நம்ம பக்கத்துல இருந்து அரபு நாட்டு வழியா அங்க போன காய் தான். பிரான்ஸ் வீடுகள்ல இன்னிக்கும் இப்படித்தான் செய்யறாங்க, நீங்க படத்துல பாத்த வட்ட வட்டமா அடுக்கின பூ மாதிரி இருக்கறது வேற.

அதுக்கு பேரு கோன்ஃபி பியால்டி. துருக்கில இமாம் பயில்டின்னு ஒரு கத்திரிக்கா டிஷ் உண்டு, இமாம் மயங்கி விழுந்தார்னு அர்த்தம், ருசில மயங்கினார்னு ஒரு கதை, அதுல ஊத்தின எண்ணெய்யோட செலவ கேட்டு மயங்கினார்னு இன்னொரு கதை, எனக்கு ரெண்டாவது தான் நம்பற மாதிரி இருக்கு. கெரார் 1976ல இந்த பேர சுருக்கி, எண்ணெய் கம்மியா, காய மெலிசா சீவி, டயட் சாப்பாடா ஒரு வடிவம் பண்ணினார். அத தாமஸ் கெல்லர் எடுத்து அடில குடமிளகாய் தக்காளி சாஸ் ஒண்ணும் மேல ஒரு வினிகர் சாஸும் சேத்தார். பிக்ஸார்காரங்க அவர்கிட்ட போய், உலகத்துலயே பெரிய விமர்சகர் உங்க கடைக்கு வந்தா ரட்டட்டூயிய எப்படி கொடுப்பீங்கன்னு கேட்டப்ப அவர் அந்த சீவல்கள விசிறி மாதிரி சாய்ச்சு தூக்கி அடுக்கினார், படத்துல பிளேட்ல வர்றது அது தான். ரெமி அந்த தட்டு மேல வட்டமா வெட்டின பேப்பர வெச்சு மூடற ஒரு ஷாட் வரும், ஒரு செகண்ட் கூட இருக்காது. அதுக்கு கார்டூஷ்னு பேரு, ஆவிய உள்ளயே பிடிச்சு வெக்கறதுக்கு. அத தியேட்டர்ல பாத்தப்ப நான் பக்கத்து சீட் ஆள தட்டி காட்டினேன், அவர் யாருன்னே எனக்கு தெரியாது.

இங்க தான் படம் நல்லா ஏமாத்துது. அந்த டிஷ் கம்மி சூட்டுல ரெண்டு மணி நேரத்துக்கு மேல வேகணும், சாஸ், சீவறது, அடுக்கறது எல்லாம் தனி. ஆர்டர் வந்து, எலி படைய டிஷ்வாஷர்ல விட்டு குளிப்பாட்டி, சமைச்சு, விமர்சகர் ஈகோவோட டேபிளுக்கு போற வரைக்கும் அவர் ஒயின் கிளாஸோட உக்காந்திருக்கார்னா அந்த மனுஷன் பொறுமைக்கு தான் அவார்டு கொடுக்கணும்.

உருகறது நிஜமான்னு கேட்டீங்க. ஆன்டன் ஈகோவ எப்படி வரைஞ்சிருக்காங்கன்னு பாருங்க, ரூம் சவப்பெட்டி வடிவம், டைப்ரைட்டர் மண்டை ஓடு மாதிரி, ஆளு ஒல்லிக்குச்சி. குரல் பீட்டர் ஓ'டூல். ஒரு வாய் வெச்சதும் கேமரா அவர் கண்ணுக்குள்ள சரிஞ்சு போய், சைக்கிள்ல இருந்து விழுந்து அழுதுட்டு வாசல்ல நிக்கற பையன், அம்மா கன்னத்த தடவி ஒரு பிளேட்ட முன்னாடி வெக்கறாங்க, அவ்ளோ தான், திரும்ப வரும்போது பேனா கைல இருந்து நழுவி கீழ விழுது. ஒரு வார்த்தை வசனம் கிடையாது. மோப்பத்துக்கு மூளைல இருக்கற பாதை ஞாபகமும் உணர்ச்சியும் இருக்கற இடத்துக்கு ரொம்ப பக்கம், கண்ணு காது மாதிரி சுத்தி வர்றதில்ல, அதனால ஒரு வாசனை 40 வருஷத்த ஒரே தாவுல தாண்டும், இது எல்லாருக்கும் நடக்கறது தான். எங்க ஹோட்டல்ல ஒரு பெரியவர் தனியா வந்து பஃபேல பருப்பு ரசம் மட்டும் மூணு கிண்ணம் குடிச்சுட்டு, செய்தவர கூப்பிடுங்கன்னு சொல்லி, நான் போனதும் ஒண்ணும் பேசாம கைய பிடிச்சுட்டு கொஞ்ச நேரம் உக்காந்திருந்தார். ரசம் அன்னிக்கு கொஞ்சம் புளிப்பு தூக்கல், எனக்கே தெரியும்.

இந்த கதைய முதல்ல ஆரம்பிச்சது பிராட் பேர்ட் கிடையாது, யான் பிங்காவா, அவர் பல வருஷம் உழைச்ச படம், 2005ல கதை கூடி வரலன்னு பேர்ட் கைக்கு மாத்தினாங்க. குஸ்தோவ சாகடிச்சது, கொலெட்டுக்கும் ஸ்கின்னருக்கும் இடம் கூட்டினது எல்லாம் அதுக்கப்புறம் தான். ஆஸ்கர் வந்தப்ப சிறந்த அனிமேஷன் பட அவார்டு பேர்டுக்கு போச்சு, அத நினைச்சா எனக்கு இன்னும் ஒரு மாதிரி தான் இருக்கும், வேற ஆள் வெச்ச ஸ்டாக்குல சாஸ் பண்ணி பேர் வாங்கின கதை, எங்க தொழில்ல தினம் நடக்கறது.

வீட்ல செஞ்சு பாக்கணும்னா ஒண்ணு சொல்றேன். குண்டு கத்திரிக்கா வேணாம், நீட்டு கத்திரிக்காயா, சுக்கினியும் தக்காளியும் அதே சுத்தளவுல வாங்குங்க, இல்லன்னா அடுக்கு நிக்காது. ஒரு ரூபா காசு கனத்துக்கு சீவுங்க. ஓவன் 135 டிகிரி, மேல பட்டர் பேப்பர் வட்டமா வெட்டி மூடணும், மூடாம விட்டா மேல் வரிசை காஞ்சு வத்தல் ஆயிடும். நான் முத தடவ பண்ணி அம்மாவுக்கு கொடுத்தேன், மூணு மணி நேர வேலை, சாப்ட்டுட்டு "கத்திரிக்காய எதுக்குடா இவ்ளோ நேரம் வேக வெச்ச, கேஸ் என்ன ஆறது"ன்னாங்க. ஓவன் கரண்டுல ஓடுதும்மான்னு சொன்னதுக்கு அப்ப கரண்டு பில்லுன்னு ஆரம்பிச்சாங்க.